துய்ப்ளே – ஆள் சேர்த்த கவர்னர்

வரலாற்றில் பெயர் பெற்ற ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். பொறியியல் படித்தவனிடம் போய் வரலாறு கேட்கிறார்களே என்று முதலில் தயங்கினேன். பிறகு ஒரு எண்ணம் வந்தது. நம்மில் பலர் வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து வந்து படித்தவர்கள். அந்த இரண்டு ஊர்ப் பெயர்களும் உலக வரலாற்றில் ஏறியதற்கு ஒரு மனிதர் முக்கியக் காரணம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையின் தெற்குக் கோடியில், சிறுவர் பூங்காவில் சிலையாக நிற்கிறாரே, அவர்தான். ழோசேப் பிரான்சுவா துய்ப்ளே. பள்ளிக்கூடப் புத்தகத்தில் டூப்ளே என்று படித்திருப்போம்.

புத்தகத்தில் அவர் கிளைவிடம் தோற்றவர், அவ்வளவுதான். எனக்கு அவர் கதையில் ஈடுபாடு வந்தது வேறு காரணத்தால். ஒரு வேலையை எடுத்தால் எத்தனை ஆள் வேண்டும், அந்த ஆள் எங்கே கிடைப்பான், கூலி எங்கிருந்து வரும் என்று கணக்குப் போடுவது என் பிழைப்பு. துய்ப்ளே புதுச்சேரியில் பன்னிரண்டு வருஷம் போட்டதும் இதே கணக்குத்தான். அவருக்கு வேண்டியிருந்தது கொத்தனாரும் சித்தாளும் அல்ல, சிப்பாய்கள். ஆள் கிடைக்கிற நிலைமை மாற மாற, அவர் பணத்தையும் வழியையும் எப்படி மாற்றினார், கடைசியில் கணக்கு எங்கே உதைத்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

வரிக் குத்தகைக்காரர் வீட்டுப் பிள்ளை

துய்ப்ளே பிறந்தது 1697 ஜனவரி 1. ஊர், பிரான்சின் வடக்கே உள்ள லாந்த்ரெசி. தகப்பனார் அரசாங்க வரியைக் குத்தகை எடுத்துப் பணம் சேர்த்தவர். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் இயக்குநராகவும் இருந்தார். பையனுக்கோ கணக்கிலும் கோட்டை கட்டும் சாஸ்திரத்திலும் ஆசை. இந்தக் காலத்தில் பிறந்திருந்தால் சிவில் எடுத்திருப்பார்! அது தகப்பனாருக்குப் பிடிக்கவில்லை. வியாபாரம் பழகட்டும் என்று 1715-ல் கப்பலேற்றி அனுப்பினார். அமெரிக்கக் கரை, இந்தியக் கரை எல்லாம் பார்த்துவிட்டுப் பையன் திரும்பி வந்தபோது வியாபாரம் பிடித்துப் போயிருந்தது.

தகப்பனாரின் செல்வாக்கில் 1720-ல் புதுச்சேரி மேல்சபையில் உறுப்பினர் பதவி கிடைத்தது. கூடவே இன்னொரு பொறுப்பும் வந்தது. பட்டாளத்துச் சம்பளம், சாமான், கணக்கு வழக்கு இவற்றைப் பார்க்கும் அதிகாரி வேலை. பின்னால் அவர் செய்ததற்கெல்லாம் விதை இதுதான் என்று நினைக்கிறேன். போர்க்களத்தில் கத்தி சுழற்றியவர் இல்லை அவர். சண்டைகளை எல்லாம் மற்றவர்கள்தான் நடத்தினார்கள். அவர் செய்தது, சண்டைக்கு ஆளும் காசும் தேடித் தந்தது.

அடுத்து வங்காளத்தில் சந்திரநாகூர். 1731 முதல் பத்து வருஷம் அங்கே தலைவராக இருந்தார். தூங்கிக் கிடந்த துறைமுகத்தை வியாபாரத்தால் எழுப்பிவிட்டார், தானும் பணம் சேர்த்தார். 1741-ல் ழான் என்ற விதவையை மணந்தார். அந்த அம்மாள் புதுச்சேரியில் பிறந்தவர், தமிழ் தெரிந்தவர். உள்ளூர் ராஜாக்களோடும் நவாபுகளோடும் கடிதப் போக்குவரத்தை அவர் கையாண்டார். ழான் பேகம் என்று ஊரெல்லாம் பெயர். 1742 ஜனவரியில் துய்ப்ளே புதுச்சேரி கவர்னராகப் பதவி ஏற்றார்.

கப்பலில் வந்த ஆள்

அந்தக் காலத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுப்பது எப்படி என்று கொஞ்சம் பார்ப்போம். பிரான்சில் ஆள் பிடித்து, லோரியான் துறைமுகத்தில் கப்பலேற்றி, ஆப்பிரிக்காவைச் சுற்றி அனுப்ப வேண்டும். பயணம் ஆறு மாதமும் ஆகும், எட்டு மாதமும் ஆகும். வழியிலேயே ஸ்கர்வி நோயில் பலர் போய்விடுவார்கள். கரையேறியவர்களில் இன்னும் சிலரை நம்ம வெயிலும் பேதியும் கொண்டுபோகும். வந்து சேர்ந்தவர்களின் தரமும் சொல்லும்படி இல்லை. ஊரில் வேலை வெட்டி இல்லாதவனையும் மீசை முளைக்காத பையனையும் அனுப்பி வைக்கிறார்கள் என்று துய்ப்ளே கம்பெனிக்கு ஓயாமல் குறை எழுதிக்கொண்டிருந்தார். போதாக்குறைக்கு ஐரோப்பாவில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் 1744-ல் சண்டை மூண்டது. கடலில் ஆங்கிலக் கப்பல்கள். வரவேண்டிய ஆளும் வருவது நிச்சயமில்லை.

கம்பெனியோ கஞ்சத்தனத்தின் உச்சியில் நின்றது. செலவைப் பாதியாகக் குறை, கோட்டை வேலையை நிறுத்து என்று 1743-ல் பாரீசிலிருந்து உத்தரவு. புதுச்சேரிக்குக் கடற்பக்கம் சுவரே இல்லை. துய்ப்ளே உத்தரவை ஒதுக்கி வைத்துவிட்டு, சொந்தப் பணத்தையும் கடன் வாங்கிய பணத்தையும் போட்டுக் கடற்பக்கச் சுவரைக் கட்டி முடித்தார். பின்னால் நடந்ததைப் பார்த்தால், அந்தச் சுவர் இல்லாவிட்டால் ஊரே போயிருக்கும்.

சுவர் கட்டலாம், சுவர் மேல் நிற்க ஆள்? இங்கேதான் அவருக்கு முன் இருந்த கவர்னர் துமா காட்டிய வழி கைகொடுத்தது. 1740-ல் மராட்டியர் ஆற்காட்டு நவாபைக் கொன்று புதுச்சேரியையும் மிரட்டியபோது, துமா உள்ளூர் முஸ்லிம் வீரர்கள் சில ஆயிரம் பேரைச் சேர்த்து, ஐரோப்பிய முறையில் ஆயுதம் கொடுத்து நிறுத்தினார். அது அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு. துய்ப்ளே அதை நிரந்தர ஏற்பாடாக்கினார். பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த மலையாளக் கரை மாஹேயிலிருந்து சிப்பாய்களைத் தருவித்தார். இங்கேயும் ஆள் எடுத்தார். அப்துல் ரகுமான் போன்றவர்கள் சிப்பாய்த் தலைவர்களாக உயர்ந்தார்கள்.

ஆட்கள் ஏன் வந்தார்கள்? இதைப் புரிந்துகொள்வது முக்கியம். நவாபுகளின் படையில் சம்பளப் பாக்கி சர்வ சாதாரணம். மாதக் கணக்கில் நிற்கும். வீரன் தன் குதிரையைத் தானே வாங்க வேண்டும். அது செத்தால் அவன் பிழைப்பும் போச்சு. அதனால் குதிரை வீரன் சண்டையில் முன்னே போகவே யோசிப்பான். கம்பெனிப் பட்டாளத்தில் துப்பாக்கி கம்பெனியுடையது, சம்பளம் மாதாமாதம். நம்ம ஊர் விவசாயக் குடும்பத்துப் பையனும் வேலை இழந்த வீரனும் எந்தக் கொடிக்காகவும் வரவில்லை. ஒழுங்காக வரும் சம்பளத்துக்கு வந்தார்கள். துய்ப்ளேயின் பலம் அங்கேதான் இருந்தது. அவருடைய பலவீனமும் அங்கேதான் இருந்தது.

அடையாற்றங்கரையில் ஒரு நாள்

1746 செப்டம்பரில் லபூர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுக் கடற்படை சென்னைக் கோட்டையைப் பிடித்தது. அடுத்த மாதம் அடித்த புயலில் கப்பல்கள் நொறுங்கின. லபூர்தொனே மிஞ்சிய கப்பல்களோடு கிளம்பிப் போனபோது, அவரோடு வந்தவர்களில் சுமார் 1,200 பேர் இங்கேயே தங்கிப்போனார்கள். துய்ப்ளேக்கு அது எதிர்பாராமல் வந்த சொத்து. கடலே ஆள் சேர்த்துக் கொடுத்தது போல!

சென்னையைத் தனக்குத் தருவதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டார்கள் என்று ஆற்காட்டு நவாப் அன்வருதீனுக்குக் கோபம். மகன் மாபூஸ்கானைப் பெரும்படையோடு அனுப்பினார். 1746 நவம்பர் 4, அடையாற்றங்கரை. எதிரே பாரதி என்ற சுவிட்சர்லாந்துக்காரப் பொறியாளர் தலைமையில் புதுச்சேரியிலிருந்து வந்த படை. (நம்ம மகாகவிக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை, பிரெஞ்சில் அவர் பெயர் உச்சரிப்பு அப்படி.) பிரெஞ்சுக்காரர்களும் சிப்பாய்களும் சேர்த்து ஏறக்குறைய ஆயிரம் பேர். நவாப் படை பத்தாயிரம் என்பார்கள். பாரதி ஆற்றை இறங்கிக் கடந்தார். வரிசையாக நின்று சுட்டார்கள், துப்பாக்கி முனையில் ஈட்டி செருகிக்கொண்டு பாய்ந்தார்கள். நவாப் படை சாந்தோம் தெருக்கள் வழியே ஓடியது.

இதன் அர்த்தத்தை இந்தியாவில் முதலில் முழுசாகப் புரிந்துகொண்டவர் துய்ப்ளே. தலை எண்ணிக்கை கணக்கில்லை, கவாத்துத்தான் கணக்கு. திரியில் நெருப்பு வைத்துச் சுடும் பழைய துப்பாக்கிக்காரன் ஒரு முறை சுட்டு மறுமுறை மருந்து அடைப்பதற்குள், பழகிய சிப்பாய் நிமிஷத்துக்கு இரண்டு மூன்று முறை சுட்டுவிடுவான். அந்தப் பழக்கத்துக்குப் பிரான்சில் பிறந்திருக்க வேண்டியதில்லை. மாஹேக்காரனும் ஆற்காட்டுக்காரனும் கற்றுக்கொள்ளலாம். ஆள் எடுக்கும் ஊற்று லோரியானிலிருந்து நம்ம மண்ணுக்கு மாறியது அன்றைக்குத்தான்.

இரண்டு வருஷத்தில் சோதனை வந்தது. 1748 ஆகஸ்டில் ஆங்கிலத் தளபதி பாஸ்கவென் பெரிய கடற்படையோடு வந்து புதுச்சேரியை முற்றுகையிட்டார். அரியாங்குப்பம் கோட்டை போயிற்று. பாரதி அந்தச் சண்டையில் இறந்தார். பொறியாளரை இழந்த துய்ப்ளே, சின்ன வயசில் படித்த கோட்டை சாஸ்திரத்தை நினைவுபடுத்திக்கொண்டு தானே காவல் ஏற்பாடுகளைக் கவனித்தார். சுவருக்குள் சுமார் 1,800 ஐரோப்பியரும் 3,000 சிப்பாய்களும் இருந்தார்கள். அக்டோபரில் மழை இறங்கியது. நோயிலும் சண்டையிலும் ஆயிரம் பேர் அளவுக்கு இழந்து பாஸ்கவென் திரும்பினார்.

இந்த முற்றுகைக்கு நடுவில் நடந்த ஒன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. 1748 செப்டம்பரில் ஊருக்குள் இருந்த வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். சேசு சபைப் பாதிரிமார்களும் கவர்னர் மனைவியும் அதற்கு முன்னின்றார்கள், கவர்னர் அனுமதித்தார். துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை மன வேதனையோடு இதைத் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். சுவருக்கு மேலே நம்ம ஆள் காவல், சுவருக்கு உள்ளே நம்ம கோயில் இடிப்பு. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் துய்ப்ளே முழுசாகத் தெரிவார்.

சமாதானம் வந்தது, சம்பளம் நிற்கவில்லை

ஐரோப்பாவில் 1748-ல் சமாதானம் ஆயிற்று. சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பிப் போனது. பட்டாளம் மட்டும் புதுச்சேரியிலேயே இருந்தது. யுத்தத்துக்கென்று சேர்த்த ஆளை என்ன செய்வது? அனுப்பிவிட்டால் பழக்கி எடுத்த உழைப்பு வீண். மறுபடி ஆபத்து வந்தால் ஒரே நாளில் சேர்க்க முடியாது. வைத்துக்கொண்டால் மாதம் பிறந்தால் சம்பளம். கம்பெனி தராது. வேலை முடிந்த பிறகு ஆட்களை வைத்திருப்பதா அனுப்புவதா என்று திண்டாடிய பொறியாளர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

துய்ப்ளே கண்ட வழி, படையை வாடகைக்கு விடுவது. ஆற்காட்டு நவாப் பதவிக்கு சந்தா சாகிப் ஆசைப்பட்டார். ஐதராபாத் நிஜாம் பதவிக்கு முசாபர் ஜங் ஆசைப்பட்டார். இருவருக்கும் படை கொடுத்தார். 1749 ஆகஸ்ட் 3-ல் ஆம்பூரில் சண்டை. பிரெஞ்சு உதவியோடு அவர்கள் வென்றார்கள், அன்வருதீன் களத்தில் மாண்டார். அவர் மகன் முகமது அலி தப்பித் திருச்சிக்கு ஓடினார். சம்பளச் செலவு இனி நண்பர்கள் தலையில். அதோடு வெகுமதியும் உண்டு. புதுச்சேரியைச் சுற்றி எண்பது கிராமங்கள் வரை கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டன. வில்லியனூர்ச் சீமையும் பாகூர்ச் சீமையும் இப்படித்தான் 1749-லும் அதையடுத்தும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன.

வில்லியனூரும் பாகூரும்

அதுவரை புதுச்சேரி என்பது சுவருக்குள் இருந்த ஊரும், பக்கத்தில் சில சிற்றூர்களும். சோறு வெளியிலிருந்து வரவேண்டும், காசு கப்பலில் வரவேண்டும். வில்லியனூரும் பாகூரும் வந்ததும் நிலைமையே வேறு. சங்கராபரணிக் கரையில் வில்லியனூர், திருக்காமீசுவரர் கோயிலைச் சுற்றிய பழைய ஊர். தெற்கே கடலூர்ப் பக்கமாகப் பெரிய ஏரியோடு பாகூர், இன்றைக்கும் புதுவையின் நெற்களஞ்சியம் என்று பெயர். நெல் விளைந்தால் வரி, வரி வந்தால் சம்பளம், சம்பளம் வந்தால் சிப்பாய். கப்பலை எதிர்பார்க்காமல் ஏரியை நம்பி ஒரு பட்டாளம் வைத்துக்கொள்ளலாம்.

பாகூருக்கு ஒரு பழைய பெருமை உண்டு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், அங்கே ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. அந்தக் கால வழக்கில் ஒரு கல்லூரி. அதை நடத்த மூன்று கிராமங்களின் வருமானம் ஒதுக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. அதே வயல்கள்தான். ஒரு காலத்தில் அந்தப் பக்கத்து விளைச்சல் படிப்புக்குப் போயிற்று, துய்ப்ளே காலத்தில் பட்டாளத்துக்குப் போயிற்று. கல்லூரி மலரில் எழுதும்போது இது மனசில் தைக்காமல் இருக்குமா?

கிராம வருமானத்தைக் கொண்டு பட்டாளம் என்ற இந்த முறையைத் துய்ப்ளேயின் தளபதி புசி பெரிய அளவில் செய்து காட்டினார். 1750 செப்டம்பரில் செஞ்சிக் கோட்டையை ஓர் இரவில் பிடித்தவர் அவர். 1751-ல் முன்னூறு பிரெஞ்சுக்காரர்களோடும் இரண்டாயிரம் சிப்பாய்களோடும் தக்காணத்துக்குப் போனார். நிஜாம் அரசாங்கம் சம்பளத்தைப் பாக்கி வைத்து இழுத்தடித்தபோது, 1753-ல் ராஜமுந்திரி, ஏலூரு உள்ளிட்ட நான்கு வடசர்க்கார் மாவட்டங்களைச் சம்பளத்துக்கென்றே எழுதி வாங்கினார். கையில் ரொக்கம் தராதே, நிலத்தைக் கொடு, நானே வசூலித்துக்கொள்கிறேன் என்பது ஏற்பாடு. பிற்காலத்தில் ஆங்கிலேயர் செய்த துணைப்படைத் திட்டத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு ஓட்டை இருந்தது. சீமையிலிருந்து வரி வரவேண்டுமானால் சீமையைக் காக்க வேண்டும். காக்கச் சிப்பாய் வேண்டும். கூடுதல் சிப்பாய்க்குக் கூடுதல் சம்பளம், அதற்கு இன்னொரு சீமை. அந்தச் சீமையைக் காக்க மறுபடி சிப்பாய். மின்சாரம் உற்பத்தி செய்ய வைத்த யந்திரமே அதிக மின்சாரத்தைத் தின்றால் என்ன ஆகும்? அதுதான். மேலும் சண்டை நடந்ததே இந்த வயல்களில். படை போன வழியில் பயிர் மிதிபடும், மாடு பறிபோகும், குடியானவன் குடும்பத்தோடு ஓடிவிடுவான். ஓடியவனிடம் வரி ஏது? பட்டாளத்துக்குச் சோறு போட வேண்டிய வயலைப் பட்டாளமே அழித்தது.

பாகூர்ப் போர்

ஆங்கிலேயரும் சும்மா இருக்கவில்லை. 1748-ல் தேவனாம்பட்டினக் கோட்டைக்கு வந்த ஸ்டிரிங்கர் லாரன்ஸ், துய்ப்ளேயைப் பார்த்து அதே பாடத்தைப் படித்தார். அவரும் சிப்பாய்களைச் சேர்த்துக் கவாத்துக் கற்றுக் கொடுத்தார். இப்போது ஒரே சந்தையில் இரண்டு பேர் ஆள் எடுக்கிறார்கள். ஒருவர் சம்பளம் தாமதமானால் சிப்பாய் மற்றவரிடம் போவான். ஐரோப்பியரும் அப்படித்தான், இந்தப் பக்கம் ஓடிப்போனவன் அந்தப் பக்கம் பெயர் எழுதிக்கொள்வான். புதிதாகக் கண்டுபிடித்த வழியின் லாபம், மற்றவன் அதைக் கற்றுக்கொள்ளும் வரைதான்.

1751-ல் கிளைவ் ஐந்நூறு பேரோடு ஆற்காட்டைப் பிடித்து ஐம்பது நாள் காத்தார். அதில் முந்நூறு பேர் சிப்பாய்கள். 1752 ஜூனில் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது, சந்தா சாகிப் தலை போயிற்று. திருச்சியில் இருந்த பட்டாளம் ஒரே நாளில் கைதாகிவிட்டது. வேறு யாராயிருந்தாலும் உட்கார்ந்துவிடுவார்கள். துய்ப்ளே மறுபடி ஆள் தேடக் கிளம்பினார்.

அந்த ஆண்டு அவர் செய்த வேலைகள் ஆச்சரியமானவை. துறைமுகத்துக்கு வந்த கப்பல்களிலிருந்து ஐரோப்பிய மாலுமிகளை இறக்கிச் சிப்பாயாக்கினார், அவர்கள் இடத்தில் இந்திய லஸ்கர்களை ஏற்றி அனுப்பினார். ஆங்கிலேயர் சென்னையிலிருந்து கடலூர்ப் பக்கம் மசூலாப் படகுகளில் அனுப்பிய சுவிஸ் சிப்பாய்கள் புதுச்சேரிக்கு எதிரே வந்தபோது, கப்பலை விட்டு மறித்து அவர்களைப் பிடித்துக்கொண்டார். எதிரிக்கு வரும் ஆளையே மடக்குவது! ஆனால் சொந்த நாட்டிலிருந்து புதுச்சேரிக்கு வந்துகொண்டிருந்த பிரின்ஸ் என்ற கப்பல் 1752 ஜூலையில் அட்லாண்டிக் கடலில் தீப்பற்றி எரிந்தது. தப்பியவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்.

இந்த நிலையில்தான் பாகூர்ப் போர். துய்ப்ளேயின் உறவினர் கெர்ஜான் தலைமையில் 400 ஐரோப்பியர், 1,500 சிப்பாய்கள், கொஞ்சம் குதிரைப்படை. எதிரே லாரன்ஸ், அவரிடமும் ஐரோப்பியர் 400, சிப்பாய்கள் 1,700. போதாததற்கு நவாப் முகமது அலியின் ஆட்கள். ஐரோப்பாவில் இரு நாடுகளுக்கும் பெயருக்குச் சமாதானம். அதனால் பிரெஞ்சு எல்லைக்குள் புகுந்து அடிக்க லாரன்சுக்கு முடியாது. கெர்ஜான் வில்லியனூர்ப் பக்கம் எல்லைக்குள் ஒதுங்கிக்கொண்டார். லாரன்ஸ் பயந்தவர் போலப் பாகூருக்குப் பின்வாங்கினார். துரத்து என்று துய்ப்ளேயிடமிருந்து உத்தரவு. கெர்ஜான் வெளியே வந்தார்.

1752 செப்டம்பர் 6, விடிவதற்கு முன்னால் லாரன்ஸ் பாய்ந்தார். இரண்டு பக்கமும் துப்பாக்கி ஈட்டியோடு நேருக்கு நேர் மோதின சண்டை அது. பிரெஞ்சு வரிசை நடுவில் உடைந்தது. கெர்ஜானும் பல அதிகாரிகளும் சிறைப்பட்டார்கள். எண்ணிப் பாருங்கள், இரண்டு பக்கமும் பெரும்பாலானவர்கள் சிப்பாய்கள். யாரோ இரண்டு கம்பெனிகளுக்காக, பாகூர் வயல்வெளியில், நம்ம ஆளும் நம்ம ஆளும்தான் சுட்டுக்கொண்டார்கள். தோற்றவர் மறு மாதச் சம்பளத்தை எங்கிருந்து கொடுப்பார் என்பதே அடுத்த கேள்வி.

பை காலியானது

துய்ப்ளே பிறகும் விடவில்லை. மைசூர்த் தளவாய் நஞ்சராஜாவையும் மராட்டியத் தலைவர் முராரி ராவையும் தன் பக்கம் இழுத்தார். இப்போது படைச் செலவுக்கு மைசூர்ப் பணம். திருச்சியைச் சுற்றி 1753 முழுக்கச் சண்டை ஓடிற்று. ஆனால் அடுத்தவன் பணத்தில் நடக்கிற வேலை, அடுத்தவன் மனசு மாறினால் நிற்கும். மைசூர்க்காரருக்குத் திருச்சி கிடைக்கவில்லை, சலிப்பு வந்தது. வில்லியனூர், பாகூர் வரி யுத்தத்தால் சுருங்கியது. கம்பெனி லாபக் கணக்கை மட்டும் பார்த்தது. துய்ப்ளே சொந்தச் சொத்தையும் மனைவியின் பணத்தையும் கடனையும் பட்டாளத்தில் கொட்டினார்.

அவர் செய்த பெரிய தவறு என்று எனக்குப் படுவது ஒன்று உண்டு. பாரீசுக்கு எழுதிய கடிதங்களில் வெற்றிகளைப் பெரிதாகவும் செலவுகளைச் சின்னதாகவும் காட்டினார். படை தன் செலவைத் தானே சம்பாதித்துக்கொள்ளும் என்ற தோரணை. அப்படிச் சொன்னவருக்குப் பணம் யார் அனுப்புவார்கள்? தோல்விச் செய்திகள் ஆங்கிலேயர் வழியாகப் போய்ச் சேர்ந்தபோது நம்பிக்கை போய்விட்டது. உண்மையான தேவையை மேலிடத்துக்கு முதலிலேயே சொல்லாத எந்தப் பொறுப்பாளருக்கும் இதே கதிதான்.

1754 ஆகஸ்டில் கோதே என்ற புதிய அதிகாரி வந்து இறங்கினார். துய்ப்ளே பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஆட்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள், அதே சமயத்தில் வந்து சேர்ந்தார்கள். ஆனால் கோதே கையில் இருந்த உத்தரவு, துய்ப்ளேயைத் திருப்பி அனுப்பச் சொன்னது. ஆள் வந்தபோது கவர்னர் இல்லை! அக்டோபரில் துய்ப்ளே மனைவியோடு கப்பலேறினார். அதன் பிறகு புதுச்சேரியை அவர் பார்க்கவில்லை.

பிரான்சில் மிச்ச வாழ்க்கை முழுக்க, பட்டாளத்துக்குத் தான் செலவழித்த பணத்தைக் கம்பெனியிடம் கேட்டு வழக்கு. தீரவே இல்லை. 1756-ல் ழான் இறந்தார். 1763 நவம்பரில் பாரீசில், கடன்காரர் தொல்லைக்கு நடுவில், துய்ப்ளே காலமானார். வயது 66.

அவருக்குப் பின்

அவர் போட்ட வழி மட்டும் நிற்கவில்லை. 1758-ல் வந்த லாலி பிரபு, சம்பளம் கொடுக்க முடியாமல் திணறினார். 1759 அக்டோபரில் அவருடைய பிரெஞ்சுச் சிப்பாய்களே பாக்கிக்காகக் கலகம் செய்தார்கள். அடுத்த ஜனவரியில் வந்தவாசியில் தோல்வி. 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது, துய்ப்ளே கட்டிய சுவரை ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினார்கள். புசியிடம் பழகிய இப்ராகிம் கான் கார்தி அதே மாதம் பானிபட்டில் மராட்டியர் பக்கம் போரிட்டு மாண்டார். ஆங்கிலேயரோ 1757-க்குப் பிறகு வங்காள வருமானத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சம்பளம் தவறாமல் கொடுத்து, சென்னைச் சிப்பாய்ப் பட்டாளங்களை வளர்த்தார்கள். இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டின் வேர் அந்த 1750-களில் இருக்கிறது. வழி கண்டவர் துய்ப்ளே, அதில் நடக்கக் காசு வைத்திருந்தவர் மற்றவர்.

வில்லியனூரும் பாகூரும் கைமாறிக் கைமாறி, 1783 வெர்சாய் உடன்படிக்கையில் மறுபடி புதுச்சேரியோடு சேர்ந்தன. இன்றைக்கு நம்ம புதுவை எல்லை கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்குள் துண்டு துண்டாகப் புகுந்து புறப்படுகிறதே, அதன் பின்னணியில் இந்தப் பேரங்கள் எல்லாம் உண்டு. வில்லியனூர்த் தேர்த் திருவிழாவில் கவர்னர் வடம் பிடிப்பது பிரெஞ்சுக் காலத்திலிருந்து வருகிற வழக்கம். துய்ப்ளே பெயரைத் தெரியாதவர்கூட அந்த வழக்கத்தைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

துய்ப்ளேக்கு 1870-ல் சிலை வைத்தார்கள். அவருக்காகப் பாகூரில் செத்த சிப்பாய்களுக்கு ஒரு கல்லும் இல்லை. வரி கட்டிய குடியானவனுக்குச் சொல்லவே வேண்டாம்.

தம்பி தங்கைகளே, உங்களில் சிலர் ராணுவத்துக்குப் போவீர்கள், சிலர் கம்பெனிகளில் ஆள் எடுக்கும் பொறுப்புக்கு வருவீர்கள், சிலர் சொந்தமாகத் தொழில் தொடங்குவீர்கள். ஆள் எடுப்பு முறைகள் காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டேதான் இருக்கும். 2022-ல் நம் ராணுவமே நான்கு வருஷ அக்னிவீர் முறைக்கு மாறியது. நிலைமை மாறினால் வழியை மாற்றத் துய்ப்ளேயிடம் கற்றுக்கொள்ளுங்கள். கப்பல் வராவிட்டால் மாஹே, மாஹே போதாவிட்டால் மாலுமி என்று அவர் சோர்ந்து உட்கார்ந்ததே இல்லை. ஆனால் அவர் செய்யாத ஒன்றையும் சேர்த்துச் செய்யுங்கள். ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால், அவனுடைய கடைசி மாதச் சம்பளம் எங்கிருந்து வரும், அதை யார் வயலிலிருந்து எடுக்கிறோம் என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வயல் பாகூரில் நம்ம வீட்டு வயலாகவும் இருக்கலாம்.